பீகார், ஒடிசா, வங்காளப் பிள்ளைங்க படிக்கிற கிளாஸ்ல அவங்க ஊர்க் கதை சொல்லணும், கையால என்ன செஞ்சு வச்சுக்கலாம்?

ரெண்டாப்பு_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர் பக்கத்துல ஒரு அரசு தொடக்கப்பள்ளில ரெண்டாம் வகுப்பு எடுக்கறேன். எங்க ஏரியா பூரா பனியன் கம்பெனிங்க, வெளிமாநிலக் குடும்பங்க நிறைய. அதனால என் கிளாஸ்ல பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம்னு எல்லா ஊர்ப் பிள்ளைங்களும் நம்ம பிள்ளைங்களோட கலந்து உக்காந்திருக்காங்க. கிரவுண்டுல விட்டா தமிழ்லயே சண்டை போடற அளவுக்குப் பேசறாங்க, கிளாஸுக்குள்ள வந்துட்டா வாயே திறக்கறதில்ல. எண்ணும் எழுத்தும் திட்டத்துல வர்ற கதை நேரத்துல நானும் முகமூடி, விரல் பொம்மை, குச்சி பொம்மைன்னு வச்சு நரி கதை, காக்கா கதை எல்லாம் சொல்லிட்டுத்தான் இருக்கேன், நம்ம பிள்ளைங்க கதை பாதி போகும்போதே முடிவைக் கத்திச் சொல்லிடறாங்க, இந்தப் பிள்ளைங்க பொம்மையை மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.

அவங்க ஊர்க் கதை ரெண்டு மூணாச்சும் கிளாஸுக்குள்ள கொண்டு வரணும்னு இருக்குங்க. அதுக்கு கையால செய்யற மாதிரி பொம்மையோ படமோ என்ன பண்ணலாம்? நெட்டுல தேடினா லேமினேட் பண்ணி வெல்க்ரோ ஒட்டற வெளிநாட்டு ஐடியாதான் வருது, இல்லன்னா ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு டிரஸ் போட்டு தலப்பா கட்டின பொம்மை வரைஞ்சு செவுத்துல ஒட்டறது. அந்த மாதிரி போட்டோ எடுத்துட்டு மறந்துடற வேலை வேண்டாம். எனக்கு இந்தி சுத்தமா வராது. செலவு கைக்காசுதான். ரெண்டு நாள்ல பிஞ்சு போகாம இருக்கணும், எங்க பசங்க கைக்குப் போனா எதுவும் தாங்காது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாட்டுக்கதை_பித்தன்:

டீச்சர், பொம்மையை அப்புறம் பாப்போம், முதல்ல கதை. எல்லாக் கதையும் இதுக்கு ஆகாது. திரும்பத் திரும்ப ஒரே வரி வர்ற கதையா பாத்து எடுங்க, மொழி தெரியாத பிள்ளை கூட மூணாவது தடவை அந்த வரியைச் சேர்ந்து சொல்லிடும். பீகார்ல, கிழக்கு உ.பி.ல போஜ்புரி பேசற வீடுகள்ல பரவலா சொல்ற கதை ஒண்ணு இருக்கு, பருப்பு தேடற குருவி கதை. உங்க கிளாஸ் பீகார்ப் பிள்ளைகிட்ட "சிடியா, தால், படயீ"ன்னு சொல்லிப் பாருங்க, கேட்டிருந்தா முகத்துலயே தெரிஞ்சுடும்.

கதை இதுதான். ஒரு குருவிக்கு ஒரு பருப்பு மணி கிடைக்குது. திருகையில போட்டு உடைக்கப் போகுது, பாதி வெளிய வந்துடுது, பாதி திருகையோட முளைக்குச்சில மாட்டிக்குது. குருவி தச்சன்கிட்ட போய் அந்த முளையைப் பொளந்து குடுன்னு கேக்குது, அவன் ஒரு பருப்புக்காக நான் வரணுமான்னு விரட்டிடறான். ராஜாகிட்ட போய் தச்சனைத் தண்டிங்கன்னு சொல்லுது, அவரும் மாட்டேங்கறார். ராணிகிட்ட போய் ராஜாவுக்குச் சொல்லுங்கன்னு கேக்குது, பாம்புகிட்ட ராணியைக் கடி, தடிகிட்ட பாம்பை அடி, நெருப்புகிட்ட தடியை எரி, கடல்கிட்ட நெருப்பை அணை, யானைகிட்ட கடலைக் குடி, ஒருத்தரும் அசையல. கடைசில எறும்பு மட்டும் சரி வான்னு கிளம்புது. எறும்பு தும்பிக்கைக்குள்ள போறேன்னு சொன்னதும் யானை பதறிப் போய் ஐயோ வேண்டாம் நானே கடலைக் குடிக்கறேங்குது, கடல் நானே நெருப்பை அணைக்கறேங்குது, இப்படியே வரிசையா திரும்பி வந்து தச்சன் முளையைப் பொளந்து குடுக்கறான், குருவி பருப்பை எடுத்துக்கிட்டுப் பறந்துடுது. ஊருக்கு ஊர் ஆளுங்க மாறும், சில வீட்டுல யானைக்கு அப்புறம் வலை வரும், எலி வரும், அதெல்லாம் பரவாயில்ல.

ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் குருவி பாடற வரிதான் கதையோட உசுரு. முளையில என் பருப்பு இருக்கு, எதைத் திம்பேன், எதைக் குடிப்பேன், எதை எடுத்துக்கிட்டுப் பரதேசம் போவேன். பீகார்லேந்து ஆளுங்க வேலைக்குக் கல்கத்தாவுக்கும் அதைத் தாண்டியும் போக ஆரம்பிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஊர்க் கதைக்குருவி பரதேசம் போறதைப் பத்திப் பாடறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. உங்க ஊருக்கு வந்து தையல் மெஷின்ல உக்காந்திருக்கறவரோட பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல.

இப்ப பொம்மை. திருப்பூர்ல இருந்துக்கிட்டு சார்ட் அட்டை வாங்காதீங்க. நிட்டிங் கம்பெனில நூல் தீர்ந்த காலி கோன் மூட்டை மூட்டையா கிடக்கும், அந்த அட்டைக் கோன்தான் உடம்பு. தானா நிக்கும், சின்னக் கை உள்ள போகும், மிதிச்சாலும் சீக்கிரத்துல நசுங்காது. கவுத்து வச்சு மேல பனியன் வேஸ்ட் துணியை உருட்டிக் கட்டினா தலை, பட்டன் ரெண்டு கண்ணு. யானைக்கு சாம்பல் கலர் பனியன் துணியைக் கிழிச்சு இழுத்தா தானா சுருண்டு தும்பிக்கை ஆயிடும். கடலுக்கு கோன் வேண்டாம், நீல வேஸ்ட்டை நீளமா முடிஞ்சு ரெண்டு பிள்ளை ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு ஆட்டினா போதும். எறும்பை மட்டும் ரொம்பச் சின்னதா செய்ங்க, கருப்பு நூல்ல ஒரு முடிச்சு, அவ்ளோதான், எல்லாரும் எங்கே எங்கேன்னு எட்டிப் பாக்கணும்.

பொம்மையை நீங்க வச்சுக்காதீங்க, ஆளுக்கு ஒண்ணு பிள்ளைங்க கையில குடுத்து வரிசையா நிக்க வைங்க. வாய் திறக்காத பிள்ளைக்கு யானையைக் குடுங்க, அதுக்கு முதல்ல தலையை ஆட்டினா போதும், கடைசில ஒரு வரிதான்.

நம்ம ஊர் ஈ பேர் மறந்த கதையும் இதே ஜாதிதான். கொழுகொழு கன்னே, கன்னின் தாயேன்னு தொடங்கி குதிரை கனைக்கற வரைக்கும் போகுமே, அது. முதல் வாரம் ஈ கதை, அடுத்த வாரம் குருவி கதைன்னு வச்சீங்கன்னா அதே கோன் பொம்மையில பாதியை ரெண்டுக்கும் ஓட்டிடலாம். நம்ம பிள்ளைங்களும் குருவி கதையில முடிவு தெரியாம உக்காந்திருக்கட்டும் ஒரு நாள்.

கரக்பூர்_தமிழச்சி:

பித்தன் சார் சொன்ன குருவி கதை சூப்பர். நான் வங்காளம் பக்கம் சொல்றேன். எங்க தாத்தா காலத்துலயே ரயில்வே வேலைக்கு கரக்பூர் வந்துட்டோம், மேற்கு மேதினிபூர் மாவட்டம். இங்கேந்து கொஞ்ச தூரத்துல பிங்லா பக்கம் நயான்னு ஒரு கிராமம், ஊரே பட்டுவாக்கள், பேருக்குப் பின்னாடி எல்லாரும் சித்ரகர்னு போட்டுக்குவாங்க. நீளமான காகிதச் சுருள்ல மேலேந்து கீழ வரைக்கும் கட்டம் கட்டமா கதையை வரைஞ்சு, ஒவ்வொரு கட்டமா இறக்கி விரலால காட்டிக்கிட்டே பாட்டாப் பாடுவாங்க. அவங்கள்ல நிறைய பேர் முஸ்லிம், ஆனா ராமர் கதையும் பாடுவாங்க, பாம்புத் தெய்வம் மனசா தேவி கதையும் பாடுவாங்க. உங்க கிளாஸ்ல வங்காளப் பிள்ளைங்க ரெண்டு மதத்துலயும் இருந்தா இதை எல்லாருக்கும் பொதுவா வச்சுக்கலாம்.

சின்னப் பிள்ளைங்களுக்குன்னே வச்ச மாதிரி ஒரு சுருள் இருக்கு, மீன் கல்யாணம். ஒரு மீனுக்குக் கல்யாணம், ஆத்துல குளத்துல இருக்கிற அத்தனை மீனும் வந்து ஆளுக்கொரு வேலை செய்யுது, ஒண்ணு மேளம் அடிக்குது, ஒண்ணு பல்லக்கு தூக்குது. போவால் மீன் வருது, நம்ம ஊர்ல ஆத்து வாளைன்னு சொல்றோமே அது, பெரிய வாய். அது மொத்தக் கல்யாணத்தையும் முழுங்கிடுது. பிள்ளைங்க சிரிச்சு உருளும். ஒரு மீனுக்கு ஒரு பேர், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுல சாப்பிடற மீனை ஒண்ணு வரைஞ்சுட்டு வரலாம். ரூயி, இலிஷ், மத்தி, நெத்திலி எல்லாம் ஒரே கல்யாணத்துக்கு வரட்டும், கட்லா ரெண்டு ஊர் மார்க்கெட்லயும் இருக்கு.

செய்யறது ஈஸி. தேதி முடிஞ்ச மாசக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கட்டம் வரையட்டும், அப்புறம் மேல கீழ ஒட்டுங்க. வெறும் தாளா விட்டா மடிப்புல கிழியும், பட்டுவாக்கள் பின்னாடி பழைய சேலைத்துணி ஒட்டுவாங்க, நீங்களும் பழைய வேட்டி ஒட்டிடுங்க, அப்புறம் வருஷக்கணக்கா வரும். பசை மைதா காய்ச்சினதே போதும். போஸ்டர் ஒட்டறவங்க பூச்சி வராம இருக்க அதுல மயில்துத்தம் போடுவாங்க, அது விஷம், ஸ்கூல்ல கூடவே கூடாது, அன்னன்னிக்குக் காய்ச்சி அன்னிக்கே தீத்துடுங்க. ரெண்டு பக்கமும் பழைய மாப் கட்டை கட்டிட்டா சுருட்ட வசதி. கலருக்கும் காசு குடுக்க வேண்டாம். இவங்க மஞ்சள் கிழங்கு, சங்குப்பூ நீலம், அவரை இலைப் பச்சை, விளக்குக் கரி, இதையெல்லாம் வில்வப்பழப் பிசின்ல கலந்து வச்சுக்குவாங்க. பிசின் கிடைக்கலன்னா ஃபெவிகால்ல தண்ணி விட்டு அடிங்க. சங்குப்பூவை நசுக்கிற வேலையை பசங்ககிட்ட குடுத்தா ஒரு பீரியட் ஓடிடும், கையெல்லாம் நீலமாகும், வீட்டுல திட்டு விழும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

முழுசையும் ஒரேயடியா விரிச்சுடாதீங்க. ஒரு கட்டம் இறங்கும்போது அடுத்த கட்டம் என்னன்னு தெரியக் கூடாது. வாளை மீன் வர்ற கட்டத்துக்கு முன்னாடி நிறுத்திட்டு, அடுத்தது யாரு வரான்னு வங்காளப் பிள்ளைகிட்ட கேளுங்க.

ஈராசிரியர்_பள்ளி:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடறேன், கோச்சுக்காதீங்க. நான் இருக்கறது ரெண்டு வாத்தியார் உள்ள ஸ்கூல், அஞ்சு வகுப்பு. காலைச் சாப்பாடு பாக்கணும், பிள்ளைங்க விவரத்தை எமிஸ் ஆன்லைன் பதிவுல ஏத்தணும், படிக்கிற நிலையைப் பாத்து அரும்பு மொட்டு மலர்னு பிரிச்சு உக்கார வைக்கணும், இதுல டி.எல்.எம், அதாவது பாடத்துக்கான துணைக்கருவி, செய்யறேன்னு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பசை காய்ச்சினா வீட்டுல சோறு கிடைக்காது. அப்படி உசுரக் குடுத்து செஞ்ச டி.எல்.எம் என்ன ஆகுதுன்னா பக்கத்துப் பள்ளி வாத்தியார்கள் கூடற சி.ஆர்.சி மீட்டிங்ல காட்டி கைத்தட்டு வாங்கிட்டு பீரோவுல ஏறிடும், பசங்க தொட்டா கெட்டுடும்னு பூட்டி வச்சுடுவோம்.

என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு துண்டு. தோள்ல கிடக்கற அதே துண்டுதான். முறுக்கினா பாம்பு, விரிச்சு ஆட்டினா கடல், மூக்குல வச்சுத் தொங்க விட்டா தும்பிக்கை, தலையில கட்டினா ராஜா, முக்காடு போட்டா ராணி. மேல சொன்ன குருவி கதையை இப்பவே ஒரு துண்டுல சொல்லிடலாம், எறும்புக்கு மட்டும் விரல் நுனி. நான் பாத்த வரைக்கும் ரெடிமேடா அழகா செஞ்ச யானை யானையா மட்டும்தான் இருக்கு, துண்டுன்னா இது என்னன்னு கண்டுபிடிக்கிற வேலை பிள்ளைக்கு வந்துடுது. டீச்சர் செய்யறதா இருந்தா செய்யட்டும், வேண்டாம்னு சொல்லல, ஆனா முதல் தடவை கதை சொல்றதுக்கு பொம்மை ரெடியாகட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. கதையைச் சொல்லிடுங்க, பொம்மையை அப்புறம் பிள்ளைங்க செய்யட்டும்.

அட்டைப்பெட்டி:

ஈராசிரியர் சார், துண்டு மேட்டர் ஒத்துக்கறேன், ஆனா இருக்கிற அட்டைப்பெட்டியை வீணாக்க மனசு வரல எனக்கு.

ராஜஸ்தான்ல காவட்னு ஒண்ணு இருக்கு, மரத்துல செஞ்ச கதைப்பெட்டி. சித்தோர்கட் பக்கம் பஸ்ஸின்னு ஒரு ஊர்ல தச்சர்கள் செய்வாங்க, காவடியா பாட்னு சொல்ற கதைசொல்லிங்க அதை எடுத்துக்கிட்டு வீடு வீடா போவாங்க. பெட்டிக்குக் கதவுக்குள்ள கதவு, கதவுக்குள்ள கதவு, ஒவ்வொண்ணுலயும் உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டுலயும் படம், பெரும்பாலும் சிவப்புப் பின்னணி. ஒவ்வொரு கதவாத் திறந்து மயிலிறகால படத்தைத் தொட்டுக் காட்டிக் கதை சொல்லிக்கிட்டே போய், கடைசிக் கதவுக்குப் பின்னாடி சாமி இருக்கும். அடியில காசு போட ஒரு இடம். அந்தக் கோயில் விஷயத்தை நாம அப்படியே காப்பி அடிக்க வேண்டாம், அது அந்தக் குடும்பங்களோட வழிபாட்டோட சேர்ந்தது. கதவு திறக்கிற அந்த வேலையை மட்டும் எடுத்துக்கலாம், இந்த யோசனை அவங்களோடதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு.

கம்பெனில துணி பேக் பண்ற கார்ட்டன் பெட்டி கெட்டியா இருக்கும், ஒரு பெட்டியைப் பிரிச்சு மடக்கி மடக்கி வச்சா எட்டு கதவு வரும். குருவி கதைக்கு பெர்ஃபெக்ட். குருவி ஒவ்வொரு கதவாத் தட்டுது, திறந்தா தச்சன், மாட்டேன், கதவை டப்புன்னு மூடு. ராஜா, மாட்டேன், டப். இந்த டப் சத்தம் பசங்களுக்கு எவ்வளவு புடிக்கும்னு நீங்களே பாருங்க. திரும்பி வரும்போது ஒண்ணொண்ணாத் திறந்து திறந்தே விட்டுட்டு வந்தா முடிவுல மொத்தப் பெட்டியும் விரிஞ்சு நிக்கும். கீல் மாதிரி மடியற இடத்துல செலோ டேப் ஒட்டாதீங்க, ஒரு மாசத்துல காய்ஞ்சு உரிஞ்சுடும், துணிப்பட்டை ஒட்டுங்க. உங்க ஊர்ல துணிப்பட்டைக்கா பஞ்சம்.

இன்னொண்ணு, டீச்சர் இந்தி வராதுன்னு சொன்னீங்கல்ல. ஜப்பான்ல காமிஷிபாய்னு ஒரு படக்கதை முறை, 1930-கள்ல தெருத்தெருவா சைக்கிள்ல வந்து மரக்கட்டையைத் தட்டிப் பிள்ளைங்களைக் கூட்டி, மிட்டாய் வித்துட்டு கதை சொல்லுவாங்க, டிவி வந்த பிறகு படுத்துடுச்சு, ஆனா அங்க ஸ்கூல்லயும் நூலகத்துலயும் இன்னும் இருக்கு. படங்களை அடுக்கி ஒரு சின்ன மரச்சட்டத்துக்குள்ள வச்சு ஒவ்வொண்ணா உருவிப் பின்னாடி சொருகுவாங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. முதல் படத்துக்கான வசனத்தை கடைசி அட்டையோட முதுகுல எழுதுவாங்க, ரெண்டாவது படத்துக்கானது முதல் அட்டையோட முதுகுல. அப்பத்தான் பசங்க பாக்கற படத்துக்குரிய வரி உங்க கண்ணு முன்னாடி இருக்கும். அந்த இடத்துல போஜ்புரி வரியோ வங்காள வரியோ தமிழ் எழுத்துல எழுதி வச்சுக்கிட்டா நீங்க தடுமாறாம படிச்சுடலாம், மனப்பாடம் பண்ண வேண்டாம். படத்தை முழுசா உருவாம பாதி உருவி நிறுத்தறதும் உண்டு, வாளை மீனோட வாய் மட்டும் முதல்ல தெரியற மாதிரி.

கிள்ளான்_ஆசிரியை:

மலேசியாவிலிருந்து எழுதுறேன், தமிழ்ப்பள்ளியில படிநிலை 1, அதாவது முதல் மூணு வகுப்புப் பிள்ளைங்களுக்குப் போதிக்கிறேன். எங்க கிளாஸ்ல உங்க அளவுக்கு பல மொழி இல்ல, ஆனா வெளியில காலை வச்சா மலாய், சீனம் எல்லாம் காதுல விழும், அதனால சாங் கஞ்சில் கதையை விட முடியாது. கஞ்சில்னா சருகுமான், உருவத்துல பொடிசு, மூளை பெருசு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பழம் பழுத்துக் கிடக்கு, ஆத்துல முதலைங்க. சுலைமான் ராஜா உங்க எல்லாருக்கும் விருந்து வைக்கப் போறாரு, எத்தனை பேருன்னு எண்ணிட்டு வரச் சொன்னாருன்னு அளந்து விட்டு, முதலைங்களை வரிசையா நிக்க வச்சு ஒவ்வொண்ணு தலையிலயும் தட்டி எண்ணிக்கிட்டே அக்கரைக்குப் போயிடும்.

நாங்க முதலைக்கு எடுக்கறது முட்டை அட்டை. குழி குழியா மேடு மேடா இருக்குமே, பச்சை அடிச்சுட்டா முதுகு தானா வந்துடும், வேற ஒண்ணும் செதுக்க வேண்டாம். தரையில வரிசையா வச்சு ஒரு பிள்ளை கஞ்சிலைப் பிடிச்சு மலாய்ல எண்ணிக்கிட்டே தாண்டும், அடுத்த பிள்ளை தமிழ்ல எண்ணும். நீங்க போஜ்புரியிலயும் ஒடியாவுலயும் எண்ணச் சொல்லலாமே, அந்தப் பிள்ளைங்களுக்கு அது தெரிஞ்ச பாடம், நம்ம பிள்ளைங்க அன்னிக்குக் கத்துக்கிற ஆளுங்க.

கிளந்தான் பக்கம் வாயாங் கூலிட் நிழல் கூத்து இருக்கு, தோல் பொம்மைதான். தமிழ்நாட்டுல உங்களுக்கு தோல்பாவைக்கூத்தே இருக்கு. பழைய வேட்டியைக் கட்டி பின்னாடி கைப்பேசி டார்ச் அடிச்சு அட்டை பொம்மையில செஞ்சாலே போதும். முகம் தெரியாம நிழலா நிக்கிறதால கூச்சப்படற பிள்ளைங்க அதுல கொஞ்சம் தாராளமா பேசும்.

ரெண்டாப்பு_டீச்சர்:

இவ்வளவு வரும்னு நினைக்கவே இல்லீங்க, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஈராசிரியர் சார், நீங்க சொன்ன மாதிரி துண்டுலயே இன்னிக்கு குருவி கதையைச் சொல்லிட்டேன், என்கிட்ட துண்டு இல்ல, துப்பட்டாதான். பீகார்ப் பையன் ஒருத்தன் நடுவுல எந்திரிச்சு, ராணிக்கு அப்புறம் பாம்புன்னு தமிழ்லயே சொன்னான், நான் இன்னும் அங்க வரவே இல்ல. நாளைக்கு பக்கத்துல இருக்கிற நிட்டிங் கம்பெனில கோன் கேக்கப் போறேன்.

ஒடிசா அம்மா ஒருத்தங்ககிட்ட கதை கேட்டேன், மேஸ்திரி ஒருத்தர் நடுவுல நின்னு மொழிபெயர்த்தார். தபோய்னு ஒரு கதை சொன்னாங்க. ஒரு வியாபாரிக்கு ஏழு மகன், கடைசியா ஒரே பொண்ணு, செல்லம். அப்பா அம்மா செத்துப் போயிட, அண்ணனுங்க எல்லாரும் கப்பல் ஏறி வியாபாரத்துக்குப் போயிடறாங்க, அண்ணிங்க அவளைப் பட்டினி போட்டு ஆடு மேய்க்க அனுப்பறாங்க, கடைசி அண்ணி மட்டும் நல்லவ. அண்ணனுங்க திரும்பி வந்து விஷயம் தெரிஞ்சதும், அந்தக் கெட்ட அண்ணிங்க மூக்கை அறுத்துடறாங்க. அந்த அம்மா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, அவங்க ஊர்ல பொண்ணுங்க விரதம் இருந்து இந்தக் கதையைப் படிப்பாங்களாம். எனக்குத்தான் பக்குனு ஆயிடுச்சு. ரெண்டாம் வகுப்புல மூக்கறுக்கறதை எப்படிங்க சொல்றது, மாத்திடலாமா?

கரக்பூர்_தமிழச்சி:

என்னைக் கேட்டா மாத்திடுங்க. எல்லாரும் சமாதானமா ஆயிட்டாங்கன்னு முடிச்சுடலாம், பிள்ளைங்களுக்கு எதுக்கு ரத்தம்.

ஈராசிரியர்_பள்ளி:

எனக்கு மாத்தறது புடிக்கல. நம்ம ஊர் நல்லதங்காள் கதையில அண்ணி மூளி அலங்காரி பண்ணாததா, பெத்தவளே ஏழு பிள்ளையையும் கிணத்துல தள்ளின கதையையே நம்ம பாட்டிங்க நமக்குச் சொல்லித்தான் வளத்தாங்க. அதுவும் ஒடிசாப் பிள்ளை அம்மா வாயால மூக்கறுந்த கதையைக் கேட்டு வளந்திருக்கும், டீச்சர் சமாதானம்னு முடிச்சா அது தப்புன்னு அதுக்குத் தெரியும், ஆனா சொல்லாது. தபோய் ஆடு மேய்க்கப் போறது வரைக்கும் நீங்க சொல்லிட்டு, அண்ணனுங்க கப்பல் வந்ததும் நிறுத்தி, அப்புறம் என்ன ஆச்சுன்னு அந்தப் பிள்ளையையே சொல்ல விடுங்க. அது மூக்குன்னு சொன்னா மூக்கு. கத்தி, ரத்தம்னு பொம்மையில காட்டாதீங்க, அவ்வளவுதான், வாயால சொல்றது வேற, கண்ணு முன்னாடி அறுக்கறது வேற.

நாட்டுக்கதை_பித்தன்:

சார் சொல்றதுதான் என் கட்சியும். தபோய்க்கு பொம்மை அண்ணிங்க வேண்டவே வேண்டாம், கப்பல் போதும். ஒடிசாவுல கார்த்திகைப் பௌர்ணமி அன்னிக்கு பழைய கடல் வணிகர்கள் ஞாபகமா வாழைப்பட்டையிலயும் காகிதத்துலயும் சின்னச் சின்னப் படகு செஞ்சு விளக்கு வச்சு ஆத்துல விடுவாங்க, போயித்த பந்தாணம்னு பேரு. வாழைப்பட்டை உங்களுக்கு எந்தப் பூக்கடைக்குப் பின்னாடியும் கிடைக்கும். ஈர்க்குச்சியைக் குத்தி பனியன் துணியில பாய் கட்டி ஏழு படகு, ஒரு பிளாஸ்டிக் டப்புல தண்ணி. ஏழும் கிளம்பிப் போறதும் திரும்பி வர்றதும்தான் அந்தக் கதைக்கு வேணும். வாழைப்பட்டை ரெண்டு மூணு நாள்ல கருத்துடும், அதைச் சேத்து வைக்க நினைக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா செஞ்சுக்கலாம். விளக்கு மட்டும் ஏத்தாதீங்க, துணிப் பாய்.

ரெண்டாப்பு_டீச்சர்:

சரிங்க, அந்த அம்மாவையே கிளாஸுக்கு வரச் சொல்லிடறேன், ஞாயித்துக்கிழமைதான் அவங்களுக்கு லீவு, ஷிப்ட் மாத்திக்கிட்டு வர முடியுமான்னு கேக்கணும், எச்.எம்கிட்டயும் பேசணும். பித்தன் சார், குருவி பாடற வரி போஜ்புரியில எப்படின்னு தமிழ் எழுத்துல போட்டு விடுங்க, பெட்டிக் கதவுக்குப் பின்னாடி எழுதி வச்சுக்கறேன்.

நாட்டுக்கதை_பித்தன்:

இந்தாங்க டீச்சர். எனக்குத் தெரிஞ்ச மாதிரி போடறேன்:

படயீ படயீ கூண்ட்டா சீர்
கூண்ட்டா மே மோர் தால் பா
கா காயீ, கா பீயீ
கா லேகே பர்தேஸ் ஜாயீ

படயீன்னா தச்சன், கூண்ட்டா முளை. அடுத்தடுத்த ஆள்கிட்ட போகும்போது முன்னாடி வர்ற வரிங்க மாறும், கடைசி ரெண்டு வரி அப்படியே நிக்கும், அதைத்தான் எல்லாரும் சேர்ந்து பாடறது. நம்ம எழுத்துல அந்த உச்சரிப்பு முழுசா வராது, அதுவும் ஒவ்வொரு வீட்டுல ஒவ்வொரு மாதிரி பாடுவாங்க. ராணிக்கு அப்புறம் பாம்புன்னு சொன்ன பையன் இருக்கான்ல, எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவனைப் பாட விட்டுக் கேட்டுட்டு, அவன் பாடற மாதிரியே எழுதிக்குங்க. ராஜாகிட்ட, ராணிகிட்ட போற வரிங்களையும் அவனே சொல்லுவான். அப்புறம் கோன் கேக்கும்போது அட்டைக் கோனான்னு பாத்து வாங்குங்க, பிளாஸ்டிக் கோனும் கலந்து வரும், அதுல பசை நிக்காது.